பலன் தாமதிக்கும் காலம்: எடைக் கருவியும் திருமலைப் படிகளும்

உடல் எடையைக் குறைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்தி, நாள்தோறும் நடக்கத் தொடங்கிய ஒருவர் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் எடைக் கருவியில் அதே எண்ணையே காணும்போது, செயலுக்கும் பலனுக்கும் உள்ள உறவைப் பற்றி இந்தியச் சமயச் சிந்தனை நெடுங்காலமாக எழுப்பி வந்த ஒரு கேள்வியின் முன் அவர் நிற்கிறார். செயல் செய்த அன்றே முடிந்துவிடுகிறது; பலனோ பின்னொரு நாள் வருவதாகச் சொல்லப்படுகிறது; இடைப்பட்ட காலத்தில் கண்ணுக்கு எதுவும் தென்படாத நிலையில், செயலைத் தொடர்வதற்கு எது ஆதாரமாகும் என்பதே அக்கேள்வி. திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருப்பதும், அலிபிரியிலிருந்து படியேறி மலைக்கு நடப்பதும், கோயிலில் துலாபாரத் தட்டில் அமர்வதும் இங்குள்ள தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்குப் பழக்கமானவை. உணவைக் குறைத்தல், நடத்தல், எடை பார்த்தல் ஆகிய மூன்றும் மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவர்களிடம் சமயச் செயல்களாக இருந்து வந்துள்ளன.

கேள்வியைச் சரியாக எழுப்புவதற்கு, பலன் ஏன் தெரிவதில்லை என்பதை உடலியல் வழியாக முதலில் அறிந்துகொள்வது நல்லது. உடல் தன் உடனடித் தேவைக்காகக் கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கும் மாவுச்சத்தின் வடிவம் கிளைகோஜன் எனப்படும். அது ஏறத்தாழ அரைக் கிலோ அளவில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னுடன் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்த முதல் சில நாள்களில் இந்த இருப்பு கரைவதால் எடை விரைவாக இறங்குவதும், பின்னர் அந்த வேகம் நின்றுவிடுவதும் இதனால்தான். புதிதாக உடற்பயிற்சி செய்யும்போது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவைச் சரிசெய்ய உடல் அங்கே நீரைச் சேர்க்கிறது. உப்பு மிகுந்த ஒரு வேளை உணவு, பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சி, மலச்சிக்கல் ஆகியவற்றாலும் எடை ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஏறி இறங்குவது இயல்பு. ஒரு வாரத்தில் உண்மையில் குறைந்த கொழுப்பு கால் கிலோவாகவோ அரைக் கிலோவாகவோ இருக்கும்போது, அதைக் காட்டிலும் பெரிய இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்து போகிறது.

மலை நடையையே கணக்கிட்டுப் பார்க்கலாம். அலிபிரிப் பாதையில் 3,550 படிகள் உள்ளன. தொலைவு ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். அடிவாரத்துக்கும் மேலுள்ள ஊருக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் தம் உடலை அவ்வளவு உயரம் தூக்கிச் செல்வதற்கான வேலை இயற்பியல் கணக்குப்படி 115 கிலோகலோரி அளவே. எனினும் தசைகள் தாம் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கை மட்டுமே வேலையாக மாற்ற வல்லவை என்பதாலும், கிடைத்தளத்தில் நடப்பதற்கும் செலவு உண்டு என்பதாலும், மொத்தச் செலவு 800 கிலோகலோரியை ஒட்டி அமையும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி இருப்பதாகக் கொண்டால், செலவு முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்தாலும், மூன்று நான்கு மணி நேரம் வியர்க்க வியர்க்க ஏறியவர் இழப்பது நூறு கிராம்தான். கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த, 175 கிராம் அளவுள்ள ஒரு லட்டு அதில் பெரும்பகுதியை மீட்டுத் தந்துவிடும். மறுநாள் கால்வலியோடு எடைக் கருவியில் நின்றால், தசைகளில் தேங்கிய நீரின் காரணமாக எண் கூடியிருப்பதற்கும் இடமுண்டு. பலன் இருக்கிறது, ஆனால் அது காணும் கருவியின் பிடிக்குள் வருவதில்லை.

இழக்கப்படும் கொழுப்பு போகும் வழியும் கண்ணுக்குப் புலப்படாதது. இத்தாலியின் பதுவா நகர மருத்துவர் சான்டோரியோ, துலாக்கோலில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் தம் உடலையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614-இல் வெளியிட்ட நூலில், உட்கொண்ட எடையின் பெரும்பகுதி புலனுக்கு எட்டாத வகையில் உடலை விட்டு வெளியேறுவதாகப் பதிவு செய்தார். நாம் உணரா வியர்வை என்று அவர் கருதியதில் மூச்சுக்குப் பெரும் பங்கு இருந்ததைப் பிற்கால வேதியியல் விளக்கியது. 2014-இல் ருபென் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, பத்துக் கிலோ கொழுப்பு முற்றிலும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சிலும், எஞ்சிய 1.6 கிலோ நீராகவும் உடலை விட்டுப் போகிறது. எடை குறையும் ஒருவர் அதைப் பெரும்பாலும் மூச்சாகவே விட்டுவிடுகிறார்.

இனிப் பழைய விவாதத்துக்கு வரலாம். வேதம் விதித்த வேள்விகளின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர்களுக்கு இதே இடைவெளி பெரும் சிக்கலாக இருந்தது: சுவர்க்கத்தை விரும்பி இன்று செய்யும் வேள்வி இன்றே முடிந்துவிட, சுவர்க்கம் இறப்புக்குப் பிறகே கிட்டுமாயின், அழிந்துபோன செயல் பின்னால் வரும் பலனை எப்படித் தர இயலும்? அதற்கு அவர்கள் கண்ட விடை அபூர்வம் என்பது. அதாவது செயலிலிருந்து பிறந்து, செயல் மறைந்த பின்னும் செய்தவரிடம் தங்கி, உரிய காலத்தில் பலனாக முதிரும் புலப்படாத ஆற்றல். சுவர்க்கத்தை எவரும் சரிபார்க்க இயலாது என்பதால் இவ்விடை அங்கே பாதுகாப்பாக நிற்கும். ஆனால் மகப்பேறு வேண்டிச் செய்யும் புத்திரகாமேஷ்டி போன்றவற்றின் பலன் இவ்வுலகிலேயே தெரிய வேண்டியது; அது தெரியாதபோது வேதம் பொய் சொல்கிறதா என்ற தடை எழுந்தது. தருக்க மரபின் மூலநூலான நியாய சூத்திரம் இதற்குச் சொல்லும் சமாதானம், செயலிலோ செய்பவரிடமோ பயன்படுத்திய கருவிகளிலோ குறை இருந்திருக்க வேண்டும் என்பதாகும்.

எடை குறையாத இன்றைய மனிதர் தம்மை அறியாமலே இந்தச் சமாதானத்தைத்தான் கையாளுகிறார். செய்யும் பயிற்சி தவறு, இல்லையேல் உண்ணும் சிறுதானியம் தவறு, அதுவும் இல்லையேல் தம் உடல்வாகே தவறு என்று மூன்று குறைகளையும் மாறி மாறித் தேடி, வாரத்துக்கு ஓர் உணவுமுறையை மாற்றுகிறார். குறை உண்மையில் இருக்கும் இடமும் உண்டு. உண்ணும் அளவைக் குறைத்து மதிப்பிடுவது மிகப் பொதுவான தவறு என்பதையும், தைராய்டுச் சுரப்புக் குறைவு முதலியவை மருத்துவர் பார்க்க வேண்டியவை என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் முதல் சில வாரங்களைப் பொறுத்தவரை குறை எதுவும் இல்லாமலேயே பலன் மறைந்திருக்கக் கூடும் என்ற நான்காவது வழியை அந்தச் சமாதானம் விட்டுவிடுகிறது. அபூர்வக் கோட்பாடு அந்த இடத்தில் கைகொடுப்பதாகத் தோன்றும். எனினும் அது பலனைப் பற்றிய உறுதியைத் தருகிறதே தவிர, காத்திருக்கும் மனத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மீமாம்சகரின் கவனம் முழுவதும் விதியின் செல்லுபடியைக் காப்பதில் இருந்ததால், செய்கிறவருடைய சோர்வு அவர்களுக்கு ஒரு பொருளாகவே படவில்லை.

அந்தச் சோர்வைத் தத்துவத்துக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டவர் வைணவ ஆசாரியரான இராமாநுசர். மரபு அவருடைய காலத்தை 1017 முதல் 1137 வரை எனக் கொள்கிறது. அவருக்கும் திருப்பதிக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. தம் தாய்மாமனான திருமலை நம்பியிடம் மலையடிவாரத்தில் ஓராண்டு தங்கி இராமாயணப் பொருளைக் கேட்டார் என்றும், திருமலையைப் புனித உருவமாகவே கருதியதால் அதன்மேல் கால் வைக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அலிபிரிப் பாதையில் அந்த நினைவைத் தாங்கிய இடம் தெலுங்கில் மோகாள்ள பர்வதம், அதாவது முழங்கால் மலை, என வழங்குகிறது. காலி கோபுரம் வரை செங்குத்தாக ஏறும் படிகள் முடிந்த பிறகு, பாதை நெடுந்தூரம் பெரிய ஏற்றமின்றி மான் பூங்காவை ஒட்டியும் சாலையோரமாகவும் செல்கிறது. அப்பகுதியில் உயரம் கூடுவது தெரிவதே இல்லை. அதைக் கடந்த பின்னரே முழங்கால் மலையின் கடும்படிகள் தொடங்குகின்றன. நடந்த தொலைவை உயரத்தால் மட்டும் அளப்பவருக்கு அந்த இடைப்பகுதி வீணாகத் தோன்றலாம்.

இராமாநுசர் அபூர்வத்தை ஏற்கவில்லை. பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில், பலனை வழங்குபவர் யார் என ஆராயும் பலாதிகரணப் பகுதியில், அறிவற்ற ஓர் ஆற்றல் பலன் தரும் என்பதைக் காட்டிலும், செயலால் உவந்த இறைவனே பலன் தருகிறான் என்பது பொருத்தமானது என்று நிறுவுகிறார். இக்கருத்து உடல் எடைக்கு நேரடியாகப் பொருந்தாது. கொழுப்பு எரிவது வேதியியல், அது எவருடைய உவப்புக்கும் காத்திருப்பதில்லை. இங்கே பயன்படுவது வேறொரு பகுதி. அதே நூலின் தொடக்கத்தில், இறைவனை இடையறாது நினைக்கும் நிலைக்கு ஒருவர் எவ்வாறு வந்து சேர்கிறார் என்பதை விளக்கும்போது, வாக்கியகாரர் என்று மரபு குறிப்பிடும் பழைய ஆசிரியர் ஒருவரை மேற்கோள் காட்டி, அவர் ஏழு சாதனங்களை வரிசைப்படுத்துகிறார்: விவேகம், விமோகம், அப்பியாசம், கிரியை, கல்யாணம், அனவசாதம், அனுத்தர்ஷம். உடல் மெலிவதற்கான வழி இதுவென்று சொன்னால் அது நூலைத் திரிப்பதாகிவிடும். ஆயினும் நீண்ட காலம், சிறிது சிறிதாக, பலன் உடனே தெரியாத ஒன்றைச் செய்யும் மனிதரின் உள்ளமைப்பைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த ஒரு பட்டியலை, அதே இயல்புடைய வேறொரு முயற்சிக்கு விளக்காகக் கொள்வதில் தவறில்லை.

பட்டியலின் முதல் உறுப்பே உணவைப் பற்றியது என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும். விவேகம் என்பதற்கு இங்கே பொதுவான பொருள் கொள்ளப்படவில்லை. குறையற்ற உணவால் உடல் தூய்மை பெறுவதே விவேகம் எனப்படுகிறது. உணவின் குறை மூவகைப்படும்: பொருளின் இயல்பால் வருவது, அதை வைத்திருப்பவரால் வருவது, முடி விழுதல், எச்சில் படுதல் போன்ற நேர்ச்சிகளால் வருவது. உணவு தூய்மையானால் மனம் தூய்மையாகும், அதனால் நினைவு உறுதிப்படும் என்ற சாந்தோக்கிய உபநிடதக் கருத்தே இதற்கு அடிப்படை. அவ்விடத்தில் உணவு என்பதற்குப் புலன்கள் உட்கொள்ளும் அனைத்தும் என்று சங்கரர் பொருள் விரித்தார்; இராமாநுசர் தட்டில் இருக்கும் சோற்றையே நினைத்தார். அவ்விளக்கத்தில் பூண்டு, வெங்காயம் முதலியவற்றை விலக்கும் விதிகளையும், வைத்திருப்பவரைக் கொண்டு உணவைத் தள்ளும் பழைய சமூக வரம்பையும் இன்று அப்படியே ஏற்பதற்கு இடமில்லை. ஆனால் உணவைப் பற்றி எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், எத்தகையது, எங்கிருந்து வந்தது, எந்நிலையில் உண்ணப்பட்டது என்றும் கேட்கும் அந்த முறை, கலோரி எண்ணிக்கை ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கும் உணவுக் கட்டுப்பாட்டில் காணாமல் போயிருக்கிறது. சித்தூர்ப் பக்கத்துச் சமையலறையில் கேழ்வரகு மாவும் சிறிது அரிசியும் சேர்த்துக் கிண்டி, உருண்டையாகப் பிடித்து, கீரையோடு வைக்கும் களி இன்று உடல்நல உணவாகப் புதுப்பெயரில் விற்கப்படுகிறது. அதை உண்பவர் எடை குறைந்ததா என்று மறுநாளே பார்த்து, குறையவில்லை என்று கைவிட்டால், அந்த உணவு தன்னளவில் கொண்டிருந்த மதிப்பும் சேர்ந்து கைவிடப்படுகிறது.

விமோகம் என்பது விருப்பங்களில் ஒட்டாதிருத்தல். அப்பியாசம் என்பது பற்றிக்கொண்ட பொருளை மீண்டும் மீண்டும் பழகுதல். கிரியை என்பது நாள்தோறும் செய்ய வேண்டிய கடமைகளைச் செய்தல். அதற்கு அந்நூல் வைக்கும் வரம்பு, இயன்ற அளவுக்கு என்பதாகும். கல்யாணம் என்பது வாய்மை, நேர்மை, இரக்கம் முதலிய நற்பண்புகளைக் குறிக்கும்.

இறுதி இரண்டுமே இக்கட்டுரையின் மையம். அனவசாதம் என்பது சோர்ந்து தாழாதிருத்தல். இடமும் காலமும் எதிராக அமைவதாலும், துயரம் தந்தவற்றை நினைப்பதாலும் மனம் ஒளி இழந்து கிடப்பதே அவசாதம், அது இல்லாமையே சாதனம். அனுத்தர்ஷம் என்பது அதற்கு மறுபுறம்: அளவு மீறிய மகிழ்ச்சியும் தடையே, அதுவும் இல்லாதிருக்க வேண்டும். சோர்வைத் தடை என்று பலரும் சொல்வர். மிகுந்த மகிழ்ச்சியையும் அதே வரிசையில் வைத்ததுதான் இப்பட்டியலின் ஆழம். முதல் வாரத்தில் நீர் கரைந்து இரண்டு கிலோ இறங்கியபோது துள்ளிய மனமே மூன்றாம் வாரத்தில் எண் அசையாதபோது வீழ்கிறது. முன்னதற்கு இடம் கொடுத்தவர் பின்னதைத் தவிர்க்க இயலாது. இறங்கிய நாளில் அந்த மகிழ்ச்சியில் ஒரு வேளை கூடுதலாக உண்பதும், இறங்காத நாளில் என்ன பயன் என்று கூடுதலாக உண்பதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. மேலும், இவ்விரண்டையும் பிறவிக் குணங்களாகவோ, பலன் கிடைத்த பிறகு தாமே வரும் அமைதியாகவோ நூல் கருதவில்லை. உணவையும் பயிற்சியையும் போலவே பழக வேண்டிய சாதனங்களாக அவற்றை அதே பட்டியலில் நிறுத்துகிறது. நடப்பது பாதி வேலையென்றால், நடந்த பின் எண்ணைக் கண்டு தாழாமலும் துள்ளாமலும் இருப்பது மீதி வேலை.

இந்நிலைக்கு உடலைப் பற்றிய இராமாநுசரின் கருத்தும் துணை நிற்கிறது. ஓர் உயிர் தன் பொருட்டுத் தாங்கவும் இயக்கவும் வல்லதாய், அவ்வுயிருக்கே உரியதாய்ச் சார்ந்து நிற்கும் பொருள் எதுவோ அதுவே அவ்வுயிருக்கு உடல் என்பது அவர் தரும் வரையறை. தன்னைச் சார்ந்து நிற்பதைத் தாங்கும் கடமை உயிருக்கு உண்டு. அதைப் பகையாக எண்ணித் தண்டிப்பதற்கு இவ்வரையறையில் இடமில்லை. உடலை வருத்தும் கடுந்தவத்தைக் கீதை கண்டித்ததும், மிகுதியாக உண்பவருக்கும் அறவே உண்ணாதவருக்கும் யோகம் கூடாது என்று அது சொன்னதும் இதனோடு இயைந்தவை. பட்டினியால் எடையைத் துரத்தும் முறைகள் இக்கண்ணோட்டத்தில் பக்தியின் பக்கம் சேரமாட்டா.

பலனை எதிர்பாராதே என்ற கீதைக் கருத்தை இங்கே சேர்த்து, எடையே பார்க்க வேண்டாம் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. அது மிகையான முடிவு. இராமாநுசரின் கீதையுரை துறக்கச் சொல்வது மூன்று: பலன் எனக்கு என்ற எண்ணம், செயல் என்னுடையது என்ற எண்ணம், செய்பவன் நானே என்ற எண்ணம். அளக்கும் கருவியைத் துறக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கப்பட்டு, எடையைக் குறைத்து ஓராண்டாவது அதைக் காத்தவர்களைப் பதிவு செய்துவரும் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், ஏறத்தாழ நான்கில் மூவர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். சர்க்கரை நோயாளிக்கும் மூட்டு தேய்ந்தவருக்கும் எடை ஒரு மருத்துவச் செய்தி. கேட்க வேண்டியது, அந்தச் செய்தி தம்மைப் பற்றிய தீர்ப்பாக எந்த இடத்தில் மாறுகிறது என்பதே.

திருமலையில் மனித உடல் தராசில் ஏறும் முறை இதற்கு நேர்மாறான ஒரு காட்சி. நேர்ந்துகொண்ட வேண்டுதல் நிறைவேறிய பிறகு, குழந்தையை ஒரு தட்டில் உட்கார வைத்து, மறுதட்டில் வெல்லமோ கற்கண்டோ நாணயங்களோ சமன் ஆகும்வரை ஏற்றுகிறார்கள். முள் நடுவில் வந்து நிற்கும்போது பெற்றோர் முகத்தில் தெரிவது நிறைவு மட்டுமே. குழந்தை சற்றுக் கனமாக இருந்தால் காணிக்கை சற்றுக் கூடும், அவ்வளவுதான். அங்கே எடை பார்ப்பது வேண்டுதலின் முடிவில் ஒரு முறை நடப்பது, நாள்தோறும் நடக்கும் விசாரணையாக அதை எவரும் ஆக்குவதில்லை. நாள்தோறும் நடப்பதற்கு அம்மலையில் வேறு முன்மாதிரி இருக்கிறது. பாபவிநாசத் தீர்த்தத்திலிருந்து பெருமாளின் திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் நீர் சுமந்து வந்தவர் திருமலை நம்பி என்பது மரபு. அன்று சுமந்த நீர் அன்றைய நீராட்டுக்கே செலவாகிவிடும். மறுநாள் மீண்டும் வெறுங்குடம். இவ்வாறு சேமிப்பாகத் திரளாமல், செய்வதிலேயே நிறைவு பெறும் தொண்டைக் கைங்கரியம் என்பர். உடலைத் தாங்கும் நடையையும் உணவையும் நேர்த்திக்கடன் என்ற நிலையிலிருந்து கைங்கரியம் என்ற நிலைக்கு மாற்றிக்கொள்ள இயலுமானால், எண் அசையாத வாரங்கள் வெறும் வாரங்களாக இரா.

எடைக் கருவி காட்டாத பலன் உண்டு என்பதற்குத் திருப்பதிக்கு அருகிலேயே, சென்னையில், உறுதியான சான்று உள்ளது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவு, நடை மாற்றங்களைக் கடைப்பிடித்த குழுவில் அது 39.3 சதவீதமாக இருந்தது. வியப்பு என்னவென்றால், இரண்டாவது குழுவினரின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. எடை ஒன்றையே சான்றாகக் கொண்டிருந்தால் அவர்களுடைய மூன்றாண்டு முயற்சி தோல்வி என்று எழுதப்பட்டிருக்கும். அவர்களில் எவரேனும் முதல் மாதத்திலேயே கைவிட்டிருந்தால், கைவிட்டது சரியே என்று சுற்றத்தாரும் சொல்லியிருப்பர். அவர்களிடம் கேட்கப்பட்டதும் பெரிதன்று: உடலுழைப்புக் குறைந்தவர்கள் நாளுக்கு முப்பது நிமிடமாவது விரைந்து நடக்க வேண்டும், ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களும் அவ்வளவு நேரம் நடந்தோ சைக்கிளிலோ சென்று வருபவர்களும் அதையே தொடர்ந்தால் போதும், சர்க்கரையையும் தீட்டிய மாவுப் பொருள்களையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்துள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பவையே. கிரியைக்கு ஸ்ரீபாஷ்யம் வைத்த, இயன்ற அளவுக்கு என்ற வரம்பை அவை தாண்டவில்லை.